கேமரன் மலை டின்

— ஒரே ஏரி எப்படிங்க ரெண்டு டின்ல வரும்?

— எந்த ஏரி, ரோசம்மா? சிரிக்காம சொல்லு.

— இடம் இடமா பிரிச்சுப் போட்டா போட்டோவெல்லாம் ஒழுங்காயிடும்னு பிஸ்கட் டின்னைப் பரப்பினது நீங்கதானே? கடற்கரைக்கு ஒண்ணு, கோயிலுக்கு ஒண்ணு, கேமரன் மலைக்கு ஒண்ணு. இந்தா, சிராங்கூன் ரோடு ஸ்டூடியோ டின். நம்ம மக மதலேனா மாதா கோயில்ல முதல் தடவையா புதுநன்மை வாங்கின அன்னிக்கு எடுத்த படம். அவளுக்குப் பின்னாடி என்ன இருக்கு?

— ஏரி. ஒரு அன்னம்... ஐயையோ.

— நம்ம தேன்நிலவுப் படத்துல என்ன இருக்கு?

— அது கேமரன் மலை.

— ஆமாமா, கேமரன் மலை. அங்கயும் அதே அன்னம், அதே கோணக் கழுத்து. ஸ்டூடியோவுல தொங்குற படத்திரையிலேருந்து பறந்து மலைக்குப் போயிட்டு வந்திருக்கும்போல.

— மெதுவா பேசுடி! ஆங் மோ கியோ அடுக்குமாடிக்குக் குடி வந்து ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள மானம் போயிடும். நான் என்ன பண்ணட்டும்? பஸ் ஏற வேண்டிய அன்னிக்குன்னு பாத்து எனக்கு அம்மை போட்டுருச்சு. உங்கண்ணன் வேற மலைக்குளிருக்குன்னு ஆசையா கம்பளிச் சட்டை வாங்கித் தந்துட்டாரு. போகவே இல்லைன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது?

— அதுக்காக, தழும்பு மறைய என் பவுடரை அப்பிக்கிட்டு, அந்த ஸ்டூடியோ வெக்கையில கம்பளிச் சட்டையும் போட்டுக்கிட்டு நின்னீங்களே! படத்தைப் பாத்துட்டு எங்கண்ணன் கேட்டாரு: மாப்பிள்ளை மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சே, அவ்வளவு குளிரான்னு.

— சிரி, நல்லா சிரி.

— சரி, புதுநன்மைக்காவது வேற திரை போடச் சொல்லியிருக்கலாம்ல? தாஜ்மகால் இருந்துச்சே.

— அந்த ஏரிமேல எனக்கு ஒரு இது, ரோசம்மா.

— நல்ல இது! இப்ப உங்க மக அந்தத் தேன்நிலவுப் படத்தைக் கையோட எடுத்துக்கிட்டுல்ல மாப்பிள்ளையோட மலைக்குப் போனா? அப்பா அம்மா நின்ன அதே ஏரிக்கரையில நிக்கணுமாம்.

— அதான் எனக்கு சோறு இறங்கல. சின்ன வயசுல ஸ்கூல் பஸ்ஸை விட்டுட்டு டயர் பஞ்சர்னு சொன்னாளே, அந்த ஒரு பொய்க்கு அவளை முட்டி போட வெச்சவன் நான். அப்பா வாயில பொய்யே வராதுன்னு பெருமை வேற. இனி எந்த மூஞ்சியோட அவளைப் பாப்பேன்? நீ சொல்லேன், அந்த ஏரி வத்திப்போச்சுன்னு.

— அப்ப அன்னம்?

— அது...

— போங்க, அடுத்த பொய்க்குக் கிளம்பிட்டீங்க. பேசாம உள்ளதைச் சொல்லிடுங்க. அந்தா, லிஃப்ட் சத்தம். வந்துட்டா.

— அம்மா, மீன்கறி வாசம் லிஃப்ட் வரைக்கும் வருது லா! அப்பா, ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?

— ஒண்ணுமில்ல, மதலேனா. மாப்பிள்ளை வரலையா?

— அந்தோனிக்கு லீவு முடிஞ்சிருச்சுப்பா, வேலைக்குப் போயிட்டாரு.

— மதலேனா... அந்த ஏரி இருக்குல்ல... அப்பா உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா.

— முதல்ல எங்க போட்டோவைப் பாருங்க. நேத்துதான் கழுவித் தந்தாங்க.

— எங்கிட்ட காட்டுடி. அட! ஏரி! என்னங்க, அன்னத்தைப் பாருங்க, அதே கோணக் கழுத்து! இதென்னடி, மாப்பிள்ளை கம்பளிச் சட்டையில நிக்கிறாரு?

— பாவம்மா அவரு, தெப்பமா நனைஞ்சுட்டாரு. திரை ஆடும்னு ஸ்டூடியோவுல ஃபேனை நிறுத்திட்டாங்க லா.

— திரையா? அப்ப உனக்கு...

— புதுநன்மை அன்னிக்கே தெரியும்ப்பா.

— பின்ன ஏம்மா, மலையில போய் அந்த ஏரியைத் தேடப் போறேன்னு படத்தைக் கேட்டு வாங்கின?

— நீங்க ரெண்டு பேரும் எப்படி நின்னீங்களோ அப்படியே நிக்கணும்னுதான். தேடப் போறேன்னு சொன்னது பொய்ப்பா. முட்டி போடவா, இல்ல கேமரன் மலை டின்ல இதுக்கும் ஒரு இடம் தர்றீங்களா?