அச்சகக் கட்டடத்தில் ஒரு விரிசல்

தேநீரில் சர்க்கரை வேண்டாம் ஐயா, தொண்டையில் சளி கட்டிவிடும். இருபத்தாறு வருடமாக இந்தத் தொண்டையை வைத்துத்தான் பிழைப்பு. காலை ஏழு மணிக்கு வானொலியில் என் குரல் கேட்ட பிறகுதான் பாதி ஊர் அடுப்பையே பற்றவைக்கும். ஆனால் பழைய கட்டடங்களை இடிக்காதீர்கள் என்று நான் கத்திய கத்தலை மட்டும் ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நூலகம் போயிற்று, நாடகக் கொட்டகை போயிற்று. நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் வந்தவர்கள் பாட்டுத்தான் கேட்டார்கள். வயிறு எரியாதா, சொல்லுங்கள்.

மிஞ்சியது பழைய அச்சகக் கட்டடம் ஒன்றுதான். ஏழு வருடம் நாயாக அலைந்து, அதை இடிக்கத் தடை வாங்கினேன். ஆபத்தானது என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அந்தத் தடை போய்விடும். உறுதியாக இருக்கிறது என்று எழுதி வாங்கலாமென்று நான் கூட்டிப்போன இன்ஜினியர் பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது ஒரு மழை தாங்காது. ஆளுங்கள உடனே காலி பண்ணச் சொல்லுங்க" என்றார். அவருடைய அறிக்கையை நகராட்சியில் நானே சேர்ப்பதாக வாங்கிவந்து, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

பின்பக்க அறையில் ஒரு தையற்காரம்மா குடியிருந்தார். என் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டே மிஷின் மிதிப்பவர். நேற்றுக் காலை நிகழ்ச்சிக்கு அழைத்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஒலிபரப்பில் சேர்க்காமல் நானே பேசினேன்.

"அண்ணே, மழை விடாம ஊத்துது. சுவத்து விரிசல்ல கையே போகுது. நான் அக்கா வீட்டுக்குப் போயிடட்டுமா?"

அவர் வெளியேறினால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். அதிகாரிகள் வருவார்கள். அவர்கள் பின்னாலேயே கடப்பாறையும் வரும்.

"இன்ஜினியர் பாத்து நல்லாருக்குன்னுட்டாரும்மா. நூறு வருஷம் நின்னது, நீ இருக்கேன்னு இப்பவா விழப்போகுது? பேசாம வேலையப் பாரு."

அவர் சிரித்தார். "நீங்க சொன்னா சரிண்ணே" என்றார். கூடவே ஒரு பாட்டும் கேட்டார். போட்டேன். அது முடிவதற்குள் பின்பக்கம் முழுவதும் சரிந்துவிட்டதாம்.

தெரிந்தேதான் அந்த அம்மாவை உள்ளே உட்காரவைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இன்னும் அவரை வெளியே எடுக்கவில்லை என்கிறீர்கள். ஐயா, முகப்புக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அவரைத் தேடுகிற சாக்கில் அதையும் இடித்துத் தொலைத்துவிடப் போகிறார்கள், கொஞ்சம் மெதுவாகத் தோண்டச் சொல்லுங்கள்.