பயிற்சிப் பக்கம்

நூலகத்தில் வேலை பார்ப்பவர்கள் அமைதியானவர்கள் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. சத்தம் போடக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். கோபப்படக்கூடாது என்று எந்தச் சுவரிலும் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் நிதானமாகவே சொல்கிறேன் சார். நீங்கள் என் வாக்குமூலத்தை ஒற்றை விரலால் தட்டச்சு செய்வதைப் பார்த்தால் அவசரப்படுத்த மனம் வரவில்லை.

முதலில் என் வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல்தான் ஆளாளுக்குப் பேசுகிறார்கள். பல்கலைக்கழக நூலகத்தில் காலநிலை ஆராய்ச்சிக்கென்று ஓர் இணையப் பக்கம் இருக்கிறது. மழை, வெப்பம், கடல்மட்டம், ஆற்றுவெள்ளம் என்று எதை ஆராய்பவரும் எந்தத் தளத்துக்குப் போகலாம், எதை நம்பி எடுக்கலாம் என்று அது சொல்லும். அந்தப் பக்கம் நான் உருவாக்கியது. ஒரு தளத்தை அதில் சேர்க்குமுன் நான் கேட்காத கேள்வி இல்லை. எழுதியவர் யார், அவருக்குச் சம்பளம் தருவது யார், அளந்தது யார், எந்தக் கருவியால், அந்த மூல அளவை வேறொருவர் எடுத்துச் சரிபார்க்க முடியுமா. பதில் இல்லாத தளம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் என் பக்கத்தில் கால் வைக்க முடியாது. இப்படிச் சலித்துச் சலித்து எடுத்துவைத்தால், பெரிய பெரிய பேராசிரியர்களே தேடலில் முதலில் வந்து விழுந்ததை அள்ளிக்கொண்டு போவார்கள். கேட்டால் எல்லாம் ஒன்றுதானே மேடம் என்பார்கள். எல்லாம் ஒன்றுதான் என்றால் எனக்கு எதற்குச் சம்பளம் என்று நான் திருப்பிக் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கி வைப்பேன்.

என் தம்பியை உங்களுக்கே தெரியும். பக்கத்து அறையில்தானே உட்காரவைத்திருக்கிறீர்கள். ஆற்றுவெள்ளத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவன். ஆய்வேட்டுக்கு வேண்டிய கட்டுரைகள், அளவுகள், வரைபடங்கள் எல்லாம் நான் தேடிக் கொடுத்தவை. எது பழசு, எது பொய், எதை எந்த நிறுவனம் காசு கொடுத்து எழுதவைத்தது என்று பிரித்துப் பிரித்து அவன் கையில் வைத்தேன். நன்றியுரையில் வழிகாட்டிக்கு நன்றி, மனைவிக்கு நன்றி, பைண்டிங் போட்டுக் கொடுத்தவருக்குக்கூட நன்றி. நான் இல்லை. கேட்டதற்கு, மறந்துவிட்டது, நீ என்ன வெளியாளா என்றான். அம்மா அந்தப் பட்டத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டு, பிள்ளை ஒத்தை ஆளாகக் கஷ்டப்பட்டான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தவர்களுக்கு நான் டீ கொண்டுவந்து வைத்தேன். வயிறு எரிந்தது சார். அதை மறைக்க நான் இங்கே வரவில்லை.

பிறகு அவன் சொந்தமாக அலுவலகம் திறந்தான். ஆற்றங்கரையில் கட்டடம் கட்டுகிறவர்கள் அவனிடம் அறிக்கை வாங்குவார்கள். வெள்ளம் எவ்வளவு உயரம் வரும், இனி வரப்போகும் மழைக்கு இன்னும் எவ்வளவு கூடும், தரைத்தளத்தை எந்த உயரத்தில் வைக்கலாம் என்று அவன் சொல்வான். அவனுக்கு நான் சொல்வேன். எனக்கு அவன் வைத்த பெயர் லிங்க் அக்கா. கொஞ்ச நாளில் அவன் அலுவலகத்துப் பிள்ளைகளும் என்னை அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். சிரித்துக்கொண்டுதான் பதில் சொன்னேன்.

இப்போது அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். முதலாண்டு ஆராய்ச்சி மாணவர்களுக்கு நான் ஒரு வகுப்பு எடுக்கிறேன். நல்ல தளம் எது, போலி எது என்று கண்டுபிடிக்கும் வகுப்பு. வெறும் வாயால் சொன்னால் ஏறாது. அதனால் ஒரு போலித் தளத்தை நானே செய்துவைப்பேன். எங்கள் தொழிலில் இது வழக்கம்தான். இல்லாத ஓர் ஆற்றுநீர் ஆய்வு நடுவத்தின் பெயரில், நம் ஊர் ஆற்றையே எடுத்துக்கொண்டு, அழகான வரைபடங்களோடு செய்திருந்தேன். வந்த வெள்ளம் எல்லாம் அதில் இருந்தது. ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம் குறைவாக இருந்தது. ஆய்வாளர் பெயர் ஒன்றுகூட இருக்காது, மூல அளவுகளுக்கான பொத்தானை அழுத்தினால் எங்கும் போகாது. 'எங்களைப் பற்றி' என்ற இடத்தில், இது மாணவர் பயிற்சிக்காகக் கற்பனையாகச் செய்தது, எதற்கும் பயன்படுத்தாதீர்கள் என்று பச்சையாகவே எழுதியிருந்தேன். கண் இருக்கிறவன் ஏமாற மாட்டான்.

தம்பி வீட்டில் ஒரு விருந்து. பெரிய மருத்துவமனையின் நிர்வாகி வந்திருந்தார். ஆற்றோரம் நர்சுகளுக்கு விடுதி கட்டப்போகிறார்கள், அறிக்கை தரப்போவது என் தம்பி. அவருக்கு என்னை அறிமுகப்படுத்தினான்.

"எங்க அக்கா. லைப்ரரில இருக்கா. லிங்க் கேட்டா அனுப்புவா, மத்தபடி யாருக்கும் எந்தத் தொந்தரவும் கிடையாது."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நிர்வாகி மட்டும் சிரித்து முடித்துவிட்டு, நல்ல வேலை, டென்ஷன் இல்லாத வேலை என்றார். நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினேன்.

அந்த வாரமே தம்பியிடமிருந்து போன் வந்தது. நம் ஆற்றின் பழைய வெள்ள அளவெல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதுபோல் ஒரு லிங்க் வேண்டுமாம், சீக்கிரம் வேண்டுமாம். நான் பயிற்சிப் பக்கத்தை அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு, என்ன அக்கா விளையாடறியா என்று கத்துவான் என்று காத்திருந்தேன். அன்றைக்குக் கத்தவில்லை. மறுநாளும் கத்தவில்லை. டாக்டர் பட்டம் வாங்கியவன், ஒரு பக்கத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று சுட்டியை நகர்த்திப் பார்க்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான் 'எங்களைப் பற்றி'யில் இருந்த அந்த வரியை எடுத்துவிட்டேன். பரீட்சை எழுதுகிறவனுக்குப் பக்கத்திலேயே விடையை எழுதிவைப்பார்களா சார்? மாணவர்களுக்கு விடுமுறை. அதனால் வேறு யாருக்கும் பாதிப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் எடுத்தேன். எதையும் யோசிக்காமல் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அறிக்கை போனது, விடுதி எழும்பியது. திறப்புவிழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தான். புதுப் பெயிண்ட் வாசனையோடு கீழ்த்தளத்து அறைகளைச் சுற்றிப் பார்த்தேன். அரசு நீரளவு நிலையத்தின் உண்மையான அளவுகள் எனக்கு மனப்பாடம். போன தலைமுறை வெள்ளம் அந்தச் சுவரில் எதுவரை வரும் என்று பார்த்தேன். ஜன்னலின் மேல்விளிம்பைத் தாண்டியது. ஜன்னலுக்கு நல்ல கனமான கம்பி போட்டிருந்தார்கள், பெண்கள் தங்கும் இடம் என்று.

அங்கே ஒரு நர்ஸை எனக்குத் தெரியும். இரவுப் பணி பார்த்துக்கொண்டே மேல்படிப்புப் படித்தவள், எங்கள் நூலகத்துக்கு வருவாள். வெப்ப அலையில் முதியவர்கள் எப்படிச் சாகிறார்கள் என்பது அவள் ஆய்வு. என் பக்கத்தில் நான் கொடுத்திருந்த ஒரு தரவு பழையது, புதியது வந்துவிட்டது என்று ஒருநாள் வந்து சொன்னாள். இத்தனை வருடத்தில் அப்படி வந்து சொன்ன ஒரே ஆள். அவளுக்குக் கீழ்த்தளத்தில் அறை கொடுத்திருந்தார்கள். மாடிக்கு மாற்றிக்கொள் என்றேன்.

"காரணம் சொல்லுங்க மேடம், மாறிக்கிறேன்."

"மேல காத்து நல்லா வரும்."

"எனக்குப் பகல்லதான் தூக்கம். கீழதான் இருட்டா இருக்கு, அதுவே போதும்."

காரணம் கேட்கிற பெண். எனக்கு அவளைப் பிடிக்கும். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. ஒருவர் அறை விஷயத்தில் தலையிடுவது நாகரிகமில்லை.

அந்த வருடமே மேலே மலையில் மழை கொட்டியது. தண்ணீர் வந்தது காலையில். இரவுப் பணி முடித்தவர்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டு அசந்து தூங்கும் நேரம். வெளியே தண்ணீர் நின்றால் வெளிப்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது, கம்பிபோட்ட ஜன்னல் வழியாகவும் வர முடியாது. மாடியில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். கீழே இருந்தவர்களில் யாரும் வெளியே வரவில்லை. உங்கள் ஆட்கள்தானே உடல்களை வெளியே எடுத்தார்கள், நான் விவரிக்கத் தேவையில்லை. நான் அன்று மாலையே பக்கத்தை நீக்கிவிட்டேன். அதன் உபயோகம் முடிந்திருந்தது.

தம்பியைப் பிடித்தீர்கள். அவன் அக்கா கொடுத்த லிங்க் என்றான். தேடிப் பார்த்தீர்கள், அப்படி ஒரு தளமே இல்லை. என்னிடம் வந்து கேட்டீர்கள், தெரியாது என்றேன். நீங்களும் நம்பிவிட்டீர்கள். அத்தோடு விட்டிருப்பேன் சார். இன்று நானாக வந்ததற்குக் காரணம் அவனுடைய வக்கீல். நேற்று நீதிமன்றத்தில் எழுந்து நின்று சொல்கிறார், காலநிலைத் தரவு என்றாலே இணையத்தில் எல்லாம் குழப்பம்தானாம், எதை நம்புவது என்று யாராலும் சொல்ல முடியாதாம், என் கட்சிக்காரர் என்ன செய்வார் பாவம் என்கிறார். நீதிபதியும் தலையாட்டுகிறார். நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுக்க நான் செய்த வேலையை நாலு வரியில் குப்பையில் போட்டுவிட்டு அந்த மனுஷர் தண்ணீர் குடிக்கிறார்.

யாராலும் சொல்ல முடியாதா? என்னால் முடியும். நம் ஆற்றின் சரியான அளவுகள் இணையத்திலேயே இருக்கின்றன. அளந்தவர் பெயரோடு, கருவியின் விவரத்தோடு இருக்கின்றன. என் பக்கத்தில் அந்தத் தளத்தைச் சேர்த்துப் பல வருடம் ஆகிறது. அவன் போன் செய்த அன்று அதுவும் என் திரையில் திறந்துதான் இருந்தது. இரண்டையும் பார்த்துவிட்டு, எதை அனுப்புவது என்று யோசித்து, போலியை அனுப்பினேன். தவறு என் துறையில் இல்லை என்பது தெளிவாகப் பதிவாக வேண்டும். பயிற்சிப் பக்கத்தின் நகலும் கொண்டுவந்திருக்கிறேன், வேண்டுமானால் நீங்களே சரிபார்க்கலாம்.

தம்பியைப் பார்க்கிறீர்களா என்று உள்ளே வரும்போது கேட்டீர்கள். வேண்டாம். அவன் அழுவான், எனக்கு எரிச்சல் வரும். அறிக்கையில் கையெழுத்துப் போடுமுன் அவன் என்னை ஒருதரம் போனில் கூப்பிட்டானாமே என்றும் கேட்டீர்கள். கூப்பிட்டான். மூலத்தைத் தேடவில்லை, நீரளவு நிலையத்துக்கு எழுதவில்லை, என்னைத்தான் கூப்பிட்டான்.

"அக்கா, அளவு கொஞ்சம் கம்மியா இருக்கிற மாதிரி தெரியுது. நிறையப் பேர் தங்கப் போற இடம். உனக்குத் தெரியாதது இல்ல, நீ சரின்னா நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

சரிதான்டா, போடு என்றேன். தேங்க்ஸ்க்கா என்று வைத்துவிட்டான். அவ்வளவுதான் சார். அவன் எதையுமே சரிபார்க்கவில்லை, அதை மட்டும் அழுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள்.