ரெக்கையில அடிச்ச பேரு

ஏனுங்க சார், அந்தப் புள்ளைக்குக் கால்ல வலுவில்லைன்னு ஆருங்க சொன்னது? பேப்பர்ல பாத்தீங்களா? செரி, உக்காருங்க. நீங்க புதுசாக் கட்டற பெடல் ப்ளேனுக்கு ஆளத் தேடிக் கோயமுத்தூர்ல இருந்து வந்திருக்கீங்க. நாஞ் சொல்றதையும் கேட்டுட்டுப் போங்க.

அனுசுயாங்க. உசிலம்பட்டிப் பக்கத்துப் புள்ள, நம்ம பனியன் கம்பெனியில செக்கிங். இங்க பக்கத்துல வீரபாண்டியில தங்கி, நெதமும் சைக்கிள்லதான் வந்துட்டு இருந்துச்சு. நாப்பத்திமூணு கிலோ. ஜில்லா ரேஸ்ல ரெண்டு தடவ மொதலா வந்துருக்குதுங்க. எங்கக்கா பையன் அருள்செல்வன் காலேஜ்ல ப்ளேன் கட்டறப்ப, மிதிக்கறதுக்கு இதைய உட்டா ஆளில்லீங்க மாமான்னான்.

அவந்தான் சொல்லுவான், எழுவத்தொம்பதுலயே ஒருத்தரு பெடல் மிதிச்சே இங்கிலாந்துல இருந்து பிரான்ஸுக்குக் கடலத் தாண்டிட்டாருன்னு. மூணு மணி நேரத்துக்குப் பக்கமா மிதிச்சாராமா. ரெக்கையில துணி கூடக் கெடையாதுங்க, மெல்லிசுப் பிளாஸ்டிக் ஷீட்டு. அத்தனையும் எடைதான் மாமாம்பான். எடை நமக்குத் தெரியாதுங்களா? துணிய வட்டமா வெட்டித் தராசுல வெச்சு, கிராமு கூடுனா ரோலையே திருப்பி அனுப்பறவன் நானு.

ரெக்கைக்கு ஷீட்டு நம்ம யூனிட்லதான் ஒட்டுனம். அப்பத்தான் எனக்கொரு ஆச வந்துருச்சுங்க. இந்த ஊர்ல லேபிள் இல்லாம ஒரு பனியன் வெளிய போகாது, இத்தாப்பெரிய ரெக்கை மொட்டையாப் போகுதேன்னு. கம்பெனிப் பேரக் கொட்டை எழுத்துல, கெட்டியா மை ஏத்தி ரப்பர் பிரிண்ட் அடிச்சுட்டேன், ரெண்டு ரெக்கையிலயும். இது எத்தன எடைங்க மாமான்னு அருள் கேட்டான். எரநூறு கிராம்டான்னேன். தராசு பக்கத்துலதான் இருந்துச்சு. வெக்கலீங்க.

குண்டடத்துப் பக்கம் கரண்டு எடுக்கற காத்தாடிக்குப் போற ரோட்டுல, வெடியக்காலைல காத்து எந்திரிக்கறதுக்கு முன்னால ஓட்டுனம். அந்தப் புள்ள மிதிச்ச மிதி இருக்குதுங்களே. ப்ளேன் மூணு தடவ ஓடுச்சு, ஒரு சாண் கூட மேல எந்திரிக்கல. நாலாவது தடவ புள்ள எறங்கி வாந்தி எடுத்துச்சு. கூடியிருந்தவங்க சிரிச்சாங்க. பேப்பர்காரரு எங்கிட்ட ஏனுங்க பறக்கலைன்னாரு. எங் கம்பெனிப் பேரு போட்ட ரெக்கைக்குக் கீழயே நின்னுட்டு, புள்ளைக்குக் கால்ல வலு பத்தலீங்கன்னுட்டேன்.

ஆமாங்க, நாந்தான். வெக்கமா இருக்குதுங்க.

அப்பறம் ஒரு நா மனசு கேக்காம, பிரிண்ட் அடிச்ச துண்டு ஒண்ணு, அடிக்காத துண்டு ஒண்ணு வெட்டித் தராசுல வெச்சுப் பாத்தேன். மொத்த ரெக்கைக்கும் பிரிண்ட் மட்டும் நாலரை கிலோ வருதுங்க.

இல்லீங்க, அதுகிட்ட இன்னும் சொல்லல. ஒரு வருசமாச்சு. சைக்கிள வித்துப்போட்டு ஷேர் ஆட்டோவுல வருது. அதோ, அந்தக் கோடி டேபிள்ல, நீலச் சுடிதாரு. நீங்களே கூப்புட்டுச் சொல்லிருங்க சார். நான் அந்தப் பக்கம் போறதில்லீங்க.