பெருமாள்ராஜ் வீழ்த்தியவர்களின் எடை

ஐம்பது ஆண்டுகளாய் அடிபட்டும் அடிகொடுத்தும் ஆளாகி நிற்கும் கொக்கிரகுளம் குத்துச்சண்டைக் கழகத்தின் பொன்விழாவுக்குத் தலைமை தாங்கும் பெருந்தகை, நாறும்பூநாதன் அண்ணாச்சி அவர்களே! மூக்கு உடைந்தும் முகம் கோணாமல் முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த வீரர்களே! பிள்ளை சண்டைக்கு ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு, கடைசி மணி அடித்த பிறகே கண்ணைத் திறந்து, "எம்புள்ள நிக்கானா?" என்று மட்டும் கேட்கும் தாய்மார்களே! மூன்று ஆண்டுகளாய் இம்மாவட்டத்தில் எவருக்கும் அசையாத ஹெவிவெயிட் சாம்பியன், தம்பி ஜீஷான் அவர்களே! அத்தனை பேருக்கும் என் ஸலாம். அத்தனை பேருக்கும் என் வணக்கம்.

என் பெயர் உசாமா. மேலப்பாளையத்துக்காரன். இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன். எடை இயந்திரங்களைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. 'நெல்லைச் சீமையின் எக்காலத்துக்குமான தலைசிறந்த ஹெவிவெயிட் யார்?' என்று இந்த மேடையில் அறிவிக்க என்னை அழைத்தார்கள். விடையை விழா மலரில் முன்பே எழுதிவிட்டேன். எழுதியதை உங்கள் முன்னால் விழுங்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

என்ன அண்ணாச்சி? சத்தமாகப் பேச வேண்டுமா? பேசுகிறேன். வெட்கப்பட்டவன் ஒலிவாங்கியிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் நிற்பான்.

அன்றைய வீரன் பெரியவனா, இன்றைய வீரன் பெரியவனா? இந்த வழக்கு உலகமெங்கும் நடக்கிறது, எங்கும் தீர்ந்தபாடில்லை. ஜோ லூயிஸ் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக உலகப் பட்டத்தை வைத்திருந்தார். இருபத்தைந்து முறை காத்தார். அதற்கு என்ன மரியாதை கிடைத்தது தெரியுமா? 'மாதம் ஒரு சோப்ளாங்கியை அடிக்கிறார்' என்று அந்த ஊர்ப் பத்திரிகைகள் ஏளனம் செய்தன! தோற்றவன் சோப்ளாங்கியாம். சரி, குறை சொல்வதென்றால் வென்றவனைச் சொல். அடிவாங்கி எழுந்து நின்றவனை ஏன் ஐயா இழிவு செய்கிறாய்?

தோற்காமலே ஓய்வுபெற்றவர் மார்சியானோ. அவரும் முகமது அலியும் மோதினால் யார் வெல்வார் என்று ஒரு கணினியிடம் கேட்டார்கள். இருவரையும் கேமரா முன் பொய்ச்சண்டை போடவைத்துப் படமும் எடுத்தார்கள். கணினி மார்சியானோ என்றது. படம் திரைக்கு வந்தபோது மார்சியானோ உயிரோடு இல்லை. வெற்றிச் செய்தியைக் கேட்க, வென்றவர் இல்லை!

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் என் மனைவி முஃபீதா. ஏரல்காரி. எங்கள் வீட்டில் சீரியல் ஓடியதில்லை, தாய்மார்களே; பழைய குத்துச்சண்டைதான் ஓடும். அவள் ஜோ லூயிஸ் கட்சி. நான் இன்றைய ஆறரை அடிக்காரர்களின் கட்சி.

"இப்ப உள்ளவனுவளுக்கு உயரம்தானே இருக்கு? லூயிஸு உள்ள புகுந்து அடிச்சான்னா ஏணி சரியுற மாதிரி சரிவானுவ" என்பாள்.

"அந்தக் காலத்து ஆளுவ எடை குறைவு முஃபீதா. எண்ணு பொய் சொல்லாது."

"அப்போ அவன் அடிச்சவங்களுக்கு வலிக்கலையாக்கும்?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவளும் சிரித்துக்கொண்டுதான் கேட்பாள்.

கழகத்தின் பழைய எடைப் புத்தகம் என் கைக்கு வந்தபோது அவள் இருந்தாள். கழகத்தின் அன்றைய ஹெவிவெயிட் பெருமாள்ராஜ் அண்ணாச்சியின் காலத்துப் புத்தகம் அது. இருபத்துமூன்று சண்டை, இருபத்துமூன்று வெற்றி! பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று போட்டிகள் ஸ்ரீவைகுண்டத்தில் நடந்தன; ஆளை நிறுக்கக் கழகத்துக்குத் தராசு இல்லை. வாழைத்தார் மண்டித் தராசில் வீரர்களை ஏற்றி நிறுத்தார்கள். மண்டி எழுத்தர் எடையைக் குறித்தார். ஹெவிவெயிட் என்றால் எண்பத்தொரு கிலோவாவது இருக்க வேண்டும். புத்தகத்தில் பெருமாள்ராஜ் சரியாக எண்பத்தொன்று. அவரிடம் தோற்றவர்களில் பத்தொன்பது பேர் எழுபத்து நான்குக்கும் எழுபத்தொன்பதுக்கும் இடையில்.

முஃபீதா ஏடுகளைப் புரட்டிப் பார்த்தாள். "என்னங்க, எல்லாரும் ஒண்ணுபோலக் கொறைவா இருக்காங்களே. எங்க ஊருப் பக்கந்தானே, ஒரு நடை போய்க் கேட்டுட்டு வாங்களேன்" என்றாள்.

போகலாம் என்றேன். போகவில்லை.

அதன்பின் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் அவளை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. அந்தப் பதினோரு நாளும் நான் கட்டிலருகே இருந்த கருவியின் எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு என் மாமியார் சொன்னார்.

நாற்பது நாள் வீடு நிறைய ஆட்கள். எனக்கு அழவும் வரவில்லை, பேசவும் வரவில்லை. எண்கள் துக்கம் விசாரிக்காது. அதனால் அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். உட்கார்ந்து எழுதினேன். என்ன எழுதினேன்? 'பெருமாள்ராஜ் வீழ்த்தியவர்கள் பெரும்பாலும் ஹெவிவெயிட்டே அல்லர். மெலிந்தவர்களை அடித்த வெற்றி, வெற்றிக் கணக்கில் சேராது. ஆகவே தலைசிறந்தவர் ஜீஷானே' என்று எழுதினேன். கடந்தகாலம் எழுந்து வந்து மறுத்துப் பேசாது என்ற துணிச்சல் எனக்கு! ஆனால் அந்தக் கடந்தகாலம் சிந்துபூந்துறையில், அறுபத்தெட்டு வயதில், காலையில் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தது.

மலர் வெளிவந்தது. கழகச் சுவரிலிருந்து அவர் படம் இறங்கியது. டீக்கடையில் இளவட்டங்கள் கேட்டார்கள்: "என்ன பெரியவரே, நோஞ்சானாப் பாத்துப் பாத்துத்தான் குத்துனீராமே?" அன்றிலிருந்து அவர் அந்தக் கடைக்குப் போகவில்லை. கழகத்துக்கும் வரவில்லை. அவரை அப்படி உட்காரவைத்தது எந்த வீரனுடைய குத்து? எவனுடைய குத்தும் அல்ல, என் எழுத்து.

மூன்று வாரத்துக்கு முன், அதே மண்டியில் புதிய மின்னணுத் தராசைச் சரிபார்க்கப் போனேன். இருபது கிலோ இரும்புப் படிக்கல்லை ஏற்றினேன். தராசு இருபது காட்டியது. கணக்கெழுதும் சந்தனமாரி அக்கா பதினெட்டு என்று குறித்தார்.

"அக்கா, இருபதுல்லா?"

"தாருல தண்டு போவும்லா தம்பி. பத்துக்கு ஒண்ணு கழிவு."

"இது இரும்புக்கட்டி அக்கா. இதுல ஏது தண்டு?"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "கைப்பழக்கம். எங்க அப்பா எனக்கும் மேல. எதைத் தூக்கி வச்சாலும் கழிச்சுத்தான் எழுதுவாவ. அண்ணன் புள்ளய நிறுத்தப்பவும் கழிச்சு எழுதிப்புட்டு, மதினிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாவ."

"அக்கா... குத்துச்சண்டைக்காரங்களை இங்கன நிறுத்தப்போ எழுதினது யாரு?"

"எங்க அப்பாதான். வேற யாரு?"

கேட்டீர்களா பெரியோர்களே! தாருக்குக் கழித்தார்; தண்டுக்குக் கழித்தார்; தாய்ப்பால் குடித்து வளர்ந்த வீரனுக்கும் கழித்தார்! மோதுகிற இருவரையும் இணை சேர்ப்பதற்கு எடுத்த எடை இருவருக்குமே கழிந்தது, அதனால் அன்று எவருக்கும் நட்டமில்லை. எண்பத்தொன்று என்று எழுதப்பட்ட பெருமாள்ராஜ் தொண்ணூறு. எழுபத்தாறரை என்று எழுதப்பட்ட களக்காடு மகாராஜா அண்ணாச்சி எண்பத்தைந்து. அதோ, இரண்டாம் வரிசையில் இருக்கிறார். திரும்பிப் பாருங்கள், அந்தத் தோள் நோஞ்சான் தோளா? பத்தொன்பது பேரும் ஹெவிவெயிட். ஒருவர் பாக்கியில்லாமல் ஹெவிவெயிட்!

எழுத்தர் மீது எனக்குக் குறையில்லை. அவர் கை பழக்கத்தில் எழுதியது. என் கைக்கு என்ன சமாதானம்? எந்தத் தராசின் முன் நின்றாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, 'எப்படி நிறுத்தீர்கள்? எதைக் கழித்தீர்கள்?' உப்பு மூட்டைக்குக் கேட்பேன். உரமூட்டைக்குக் கேட்பேன். மனிதனுக்குக் கேட்கவில்லை. கேட்கச் சொன்னவள் பேச்சையும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே பெருமாள்ராஜ் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாகத்தான் பேசினார்.

"என்னை என்ன வேணாலும் சொல்லிக்கோ. என்கிட்ட அடிவாங்குனவனுவளச் சின்னவனுவன்னு சொல்லிட்டியேலே! அதுல நாலு பேரு மண்ணுக்குள்ள கெடக்கான். அவன் புள்ளைவ அந்த மலரப் படிக்குமா, படிக்காதா?"

"தப்புதான் அண்ணாச்சி. மன்னிச்சிருங்க."

"ஊரறிய எழுதுனது நீ. ஊரறியச் சொல்லு. நானும் வந்து கேக்கேன்."

வந்திருக்கிறார். மகாராஜா அண்ணாச்சிக்குப் பக்கத்தில்தான் அமர்ந்திருக்கிறார். ஆகவே ஊரறியச் சொல்கிறேன்: நான் எழுதியது பிழை. வீரனை அவன் காலத்துக் களத்திலே நிறுக்காமல் என் மேசையிலே நிறுத்தது அதைவிடப் பெரிய பிழை. அவன் முன்னால் நின்றவர்களைக் குறைத்தால்தான் இன்றைய சாம்பியன் உயர்வான் என்றால், நாளை வருகிறவன் ஜீஷானுக்கும் இதையே செய்வான்.

என்ன? பின்னால் யாரோ கேட்கிறார்கள்: "அப்போ யாருதான்வே பெரிய ஆளு?"

தெரியாது ஐயா! தெரியாது என்று சொல்லத்தான் இத்தனை நேரம் எடுத்துக்கொண்டேன். பட்டத்தை அறிவிக்கப் போவதில்லை. என்னை அண்ணன் முறையில் 'காக்கா' என்று அழைக்கும் தம்பி ஜீஷானிடம் முன்பே சொன்னேன். "காக்கா, நான் அவுங்களோட மோதவே இல்லியே, எனக்கு எதுக்கு அது?" என்று முடித்துவிட்டார். நேற்று சுவரில் பெருமாள்ராஜ் அண்ணாச்சி படத்தை மறுபடி மாட்டியவரும் அவர்தான்.

பெருமாள்ராஜ் அண்ணாச்சி, இந்த மேடையிலிருந்து உங்களிடம், உங்களோடு மோதிய இருபத்துமூன்று பேரிடம், அவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

என்ன அண்ணாச்சி சொல்லுதிய? கைதட்டாதீர்கள், அவர் சொல்வது கேட்கட்டும்... "மேல நின்னுக்கிட்டுக் கேக்காத. எறங்கி வந்து கேளு" என்கிறார்.

நியாயம். மேலே நின்று எழுதியவன்தானே நான்.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட அவையோருக்கும், அழைத்த கழகத்துக்கும், கைப்பழக்கத்தை ஒளிக்காமல் சொன்ன சந்தனமாரி அக்காவுக்கும் நன்றி. அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும் சொல்லி, ஒலிவாங்கியைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு, அண்ணாச்சி, இதோ இறங்கி வருகிறேன்.