வடிவக்கா போட்ட கையெழுத்து

சாப்பாடு தயாராயிருச்சுன்னு மேடைக்குக் கீழருந்து கைய காட்டுறாங்க. கொஞ்சம் பொறுங்க. ஒரே ஒரு கதை... சின்னதுதான். சொல்லிட்டு விட்டுடுறேன்.

தென்காசிப் பக்கம் சண்முகவடிவுன்னு ஒரு அம்மா. தெருவே வடிவக்கான்னுதான் கூப்பிடும். பீடி சுத்துறவங்க. அவங்களுக்கு ரெண்டு தம்பிங்க. மூத்தவன் குத்தாலிங்கம், இளையவன் இசக்கியப்பன். பெத்த அம்மா இவங்க சின்ன வயசா இருக்கும்போதே செத்துட்டாங்க. தம்பிங்க ரெண்டு பேரும் படிச்சது அக்கா சுத்துன பீடியில. படிச்சாங்க, வேலைக்குப் போனாங்க, கல்யாணம் முடிச்சு ஆளுக்கொரு ஊர்ல செட்டில் ஆயிட்டாங்க. அக்காவுக்குக் கல்யாணம்? அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் நேரம் இல்ல.

அப்புறம் அப்பாவுக்கு பக்கவாதம் வந்து படுத்துட்டாரு. அவரைத் தூக்கி உக்கார வச்சது யாரு? மலம் அள்ளுனது யாரு? மழைக்கு ஒழுகுன கூரைக்கு ஓடு மாத்துனது யாரு? வீட்டு வரி கட்டுனது யாரு? ...நீங்களே சொல்லிட்டீங்க. வடிவக்கா.

அப்பா செத்தாரு. காரியம் முடிஞ்ச கையோட தம்பிங்களுக்கு ஒரு யோசனை. இந்த வீடு என்ன வெலை போகும்? கூட்டிட்டு வந்தாங்க ஒரு இஞ்சினியரை. வீடுகளுக்கு மதிப்புப் போட்டுக் குடுக்கிறவரு. ஜெபமணின்னு பேரு.

அவரு டேப்பைப் பிடிச்சு அளந்தாரு. கிழக்குப் பாத்த மனை, நல்லது. பஸ் ஸ்டாண்டு பக்கம், வெலை ஏறும். கிணத்துல தண்ணி இருக்கு, இன்னும் ஏறும். முக்குல சாராயக்கடை, கொஞ்சம் எறங்கும். கட்டடம் ரொம்பப் பழசு, அதுக்கு ஒண்ணும் தேறாது, மண்ணுக்குத்தான் காசு. இப்படி ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே வந்தவரு கடைசியா ஒரு கேள்வி கேட்டாரு. வீட்டு மேல வில்லங்கம் ஏதும் இருக்கா? கடன், கேஸ், அந்த மாதிரி?

குத்தாலிங்கம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"கடன் ஒண்ணும் இல்ல சார். உள்ள எங்க அக்கா ஒருத்தி இருக்கா. அவளைக் கெளப்பிட்டா சுத்தமாயிரும்."

உள் ரூம்ல வடிவக்கா பீடி இலை வெட்டிக்கிட்டு இருந்தாங்க. குரலைத் தாழ்த்தி என்ன பண்ண? பழைய வீடு... எல்லாம் கேக்கும். கத்திரி அப்படியே நின்னுருச்சு.

இஞ்சினியர் டேப்பைச் சுருட்டிக்கிட்டே சொன்னாரு. "அக்கா வில்லங்கம் இல்ல சார். பங்குதாரர். அப்பா உயில் எழுதாமப் போயிட்டாருன்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப மூணுல ஒரு பங்கு அவங்களுக்கு. அவங்க கையெழுத்து இல்லாம இந்த வீடு முழுசா கை மாறாது."

தம்பிங்க ரெண்டு பேர் மூஞ்சியும் மாறிப்போச்சு.

அதுக்கப்புறம் பாருங்க... ஒரு பாசம் வந்துச்சு! அதுவரைக்கும் ஒரு பொங்கலுக்குக்கூட எட்டிப் பாக்காத தம்பி பொண்டாட்டிமாரு சேலையோட வந்தாங்க. மாம்பழத்தோட வந்தாங்க. இசக்கியப்பன் அக்கா காலடியில உக்காந்துக்கிட்டான்.

"ஏக்கா, நீ எதுக்கு இங்க தனியா கெடக்க? எங்ககூட வந்துரு. எங்களுக்கு இருக்கறது நீ ஒருத்திதானக்கா."

வடிவக்கா யோசிச்சாங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. பங்கு வேண்டாம், முன்னால இருக்கிற சின்ன ரூமை மட்டும் விட்டுக் குடுத்தா அங்கயே இருந்துக்கிடுறேன்னு. அதுக்கு குத்தாலிங்கம் என்ன சொன்னான் தெரியுமா? ஆள் இருக்கிற எடத்தை வாங்குறவன் பாதி வெலைக்குத்தான் கேப்பானாம்.

பத்திர ஆபீசுக்குப் போனாங்க. விடுதலைப் பத்திரம். இந்தச் சொத்துல எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லன்னு எழுதிக் குடுக்கிறது. அங்க அதிகாரி கேட்டாரு, சம்மதத்தோடதான் போடுறீங்களாம்மா? வடிவக்கா தலையை ஆட்டுனாங்க. போட்டுட்டாங்க.

வீடு நல்ல வெலைக்குப் போச்சு. வடிவக்கா பெரிய தம்பி வீட்டுக்குப் போனாங்க. ஹால்ல டிவிக்குக் கீழ பாய். பிள்ளைக்கு பரீட்சை வருது, இடைஞ்சலா இருக்குன்னு சொன்னாங்க. சின்ன தம்பி வீட்டுக்குப் போனாங்க. அங்க அவன் மாமியார் வந்து தங்கிட்டாங்க, எடமில்ல. மறுபடி பெரியவன் வீட்டுக்கு போன் போட்டாங்க. எடுக்கல. சின்னவனுக்குப் போட்டாங்க. எடுக்கல.

இன்னிக்கு வடிவக்கா அதே ஊர்ல, தகரம் போட்ட ஒரு வாடகை ரூம்ல இருக்காங்க. வயசு அறுபதைத் தாண்டிருச்சு. இன்னும் பீடிதான் சுத்துறாங்க.

நான் அந்த ரூம்ல உக்காந்து கேட்டேன். எல்லாம் காதுல விழுந்துச்சே, உங்களுக்குப் பங்கு உண்டுன்னு அந்த மனுசன் சொன்னதும் கேட்டுச்சே, ஏன் போட்டீங்கன்னு. சுத்துன பீடியைத் தட்டுல வச்சாங்க. அப்புறம் சொன்னாங்க.

"அவங்களை நம்பிப் போடலம்மா. போடலைன்னா பெறந்த வீடுன்னு சொல்லிக்கிட எனக்கு ஒருத்தரும் இருக்கமாட்டாவளேன்னு பயந்து போட்டேன்."

...கேட்டீங்களா?

இங்க நிக்கிற ஆம்பளைங்களைக் கேக்குறேன். ரோடு எத்தனை அடின்னு பாக்குறீங்க. தண்ணி இனிப்பா உப்பான்னு பாக்குறீங்க. எதனால வெலை ஏறும், எதனால எறங்கும்னு விரல் விட்டுச் சொல்றீங்க. அந்த வீடு இடிஞ்சு விழாம இத்தனை வருசம் நின்னுச்சே, யாரால? அதை எந்தக் கணக்குல சேத்தீங்க?

என் அக்கா தங்கச்சிங்களே, உங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். இந்தக் கூட்டத்துல எத்தனை பேரு இப்படிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்கன்னு நான் கைதூக்கச் சொல்லப்போறதில்ல. எனக்குத் தெரியும். பங்கு கேட்டா உறவு போயிரும்னு பயப்படுறீங்க. பங்கு கேட்டதும் அத்துப்போற உறவு, கேக்காட்டியும் அத்துத்தான் போகும். வடிவக்கா கேக்கல. உறவும் போச்சு, வீடும் போச்சு.

உறவைப் பிடிச்சு வைக்கிறது உங்க ஒருத்தர் கையில இல்ல. பேனா உங்க கையிலதான் இருக்கு. கையெழுத்துப் போடாம அதைக் கீழ வச்சிட்டு எந்திரிச்சு வாங்க.