அப்பா தங்கமான விதம்

எனக்கு முட்டை உரிக்கவே வராது. ஓட்டோடு பாதி வெள்ளையும் வந்துவிடும். இப்போது பழகிவிட்டது சார், வழுக்கிக்கொண்டு வருகிறது.

அப்பாவுக்கு ஈரல் சுருங்கிப்போயிருந்தது. வாய் மட்டும் சுருங்கவில்லை. வேலை முடிந்து வந்து, மாலை வகுப்புக்கு நான் பையை எடுத்தால் போதும், கட்டிலிலிருந்து குரல் வரும்.

“புரொபசரம்மா கெளம்பிட்டாங்க, வழிய விடு. போன தடவ கோட்ட விட்ட பேப்பரப் புடிக்கப் போறாங்க.”

அம்மா சமையலறையிலிருந்தே திருப்பிக் கொடுப்பாள். “நீங்க எட்டாவதே தாண்டல, பேச்சப் பாரு.”

இருவரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. என்மேல் எனக்கே நம்பிக்கை குறைவு. யார் என்ன சொன்னாலும் அப்படியே உள்ளே போய்விடும்.

அந்த வாரம் வகுப்பில் அமினோ நீக்கம். ஆசிரியை அழகாகச் சொன்னார். “புரதம் மிஞ்சினா உடம்பு சேத்து வைக்காது. ஈரல் அந்த அமினோ தொகுதியக் கழட்டிடும். கழட்டினது அம்மோனியா, விஷம். அதையும் ஈரலே யூரியாவா மாத்தி சிறுநீர்ல அனுப்பிடும்.”

“ஈரல் கெட்டுப்போயிருந்தா, மேடம்?”

“அம்மோனியா தலைக்கு ஏறும். ஆள் மந்தமாயிடுவாங்க. நல்ல கேள்வி.”

அதுவரை என் கேள்வியை யாரும் நல்ல கேள்வி என்று சொன்னதில்லை.

மருத்துவர் எழுதிக்கொடுத்த சிரப், அப்பாவின் அம்மோனியாவை மலத்தோடு வெளியேற்றத்தான். மருந்தைக் கொட்டிவிட்டு அந்தப் பாட்டிலில் சர்க்கரைப் பாகை ஊற்றினேன். நிறம் ஒத்துவருகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். புரதம் மிஞ்சட்டும் என்று அவர் தட்டில் முட்டையையும் கூட்டினேன்.

“பொண்ணுக்கு எவ்ளோ பாசம் பாருங்க” என்றாள் அம்மா.

அப்பா மெல்ல மெல்லத் தங்கமானார். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு சிறகு மாதிரி தட்டித் தட்டி ஆடும். அம்மோனியா தலைக்கு ஏறியிருக்கிறதா என்று செவிலியர்கள் பார்க்கும் சோதனை அது. ஆட்டம் குறைந்தால் இன்னொரு முட்டை. பாகு கெட்டியாகிவிட்டதோ, முட்டை வேகவில்லையோ என்று எனக்கு ஆயிரம் சந்தேகம். செய்வது சரியா என்ற சந்தேகம் மட்டும் ஏனோ வரவில்லை.

ஒருநாள் பையை எடுத்தேன். “எங்கம்மா போற?” என்றார். “வகுப்புக்குப்பா.” “நல்லாப் படி கண்ணு.” பேருந்து நிறுத்தம் வரை மிதந்துகொண்டே போனேன்.

அம்மாதான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். “எதாச்சும் திட்டுங்களேன். வீடே வெறிச்சுன்னு கெடக்கு.” பாவமாக இருந்தது. பாட்டிலில் மறுபடி நிஜ மருந்தையே வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் தேர்வு, அது முடியட்டும் என்று விட்டுவிட்டேன். எழுதிவிட்டு வந்தபோது, தட்டி எழுப்பியும் அவர் கண் திறக்கவில்லை. பிறகு திறக்கவே இல்லை.

ஆமாம் சார், நான்தான் செய்தேன். அமினோ நீக்கம்தான் பெரிய கேள்வியாக வந்திருந்தது. வகுப்பிலேயே நான்தான் முதல். அப்பா இருந்திருந்தால் எவ்வளவு பெருமைப்பட்டிருப்பார்.