நிதானம் அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் மடல்

தீயைக் கண்டால் திடமும், திருமதியைக் கண்டால் பணிவும் ஒருங்கே கொண்ட தீரரின் துணைவியே! எங்கள் அன்பிற்கும், உண்மையைச் சொன்னால் அச்சத்திற்கும் உரிய அண்ணி அவர்களே! அப்பாவின் அருமை அறிந்த அருமை மகள்களே! மாமனார் கையால் தேநீர் குடித்துச் சுகம் கண்டுவிட்ட மருமகன்களே! தீயணைப்பு நிலையத்தாரின் பணிவான வணக்கம்!

முறைப்படி இம்மடலை ஓய்வுபெறும் ஓட்டுநரைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். ஆனால், "என் மூஞ்சியப் பாத்து, நீங்க அப்படி, நீங்க இப்படின்னு படிச்சீங்கன்னா, நான் பாட்டுக்கு எழுந்து வண்டி கழுவப் போயிடுவேன்" என்று அவர் நேற்றே மிரட்டிவிட்டார். சொன்னால் செய்யக்கூடியவர். ஆகவே அவரை மேடையில் உட்கார வைத்துவிட்டு, அவரைப் பற்றி உங்களிடம் சொல்கிறோம். அவர் கேட்காதவர் போலக் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நிலையத்தின் பெரிய வண்டியைப் பிழையின்றி ஓட்டிய பெருந்தகை அவர்! அழைப்பு மணி அலறும். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடுவோம். ஒருவன் தலைக்கவசத்தைத் தேடுவான், ஒருவன் இடது பூட்ஸில் வலது காலை நுழைத்துத் தவிப்பான். அதற்குள் இருக்கையில் ஏறி அமர்ந்துவிட்ட அண்ணனோ, "நிதானமா ஏறுங்கப்பா, விழுந்து வச்சீங்கன்னா உங்களைத் தூக்கவே இன்னொரு வண்டி வேணும்" என்பார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோக, ஊருக்கெல்லாம் அவர் நிதானம் அண்ணன் ஆனார்.

நெருப்பிடம் நிதானம் காத்தவர், வீடு என்றால் மட்டும் பறப்பார். பணி முடிந்து நாங்கள் சீட்டுக்கட்டை எடுத்தால் அவர் பையை எடுப்பார். "ஒரு ஆட்டம் போட்டுட்டுப் போங்கண்ணே" என்று இழுத்தால், "பெரியவளுக்கு நாளைக்கு ஸ்கூல்ல டான்ஸ், பாவாடைக்கு ஓரம் அடிக்கணும்" என்பார். ஆம், அடித்தவர் அவர்தான்! ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கைகளுக்கு இரட்டைப் பின்னல் போடவும் தெரியும், மாமியாரின் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கவும் தெரியும். இரண்டாவது மகள் பிறந்தபோது, உறவுக்காரர் ஒருவர் மருத்துவமனைக்கே வந்து, "இதுவும் பொண்ணா?" என்று இழுத்தாராம். "ஆமா, கேட்டு வாங்கினேன்" என்றாராம் அண்ணன். அந்த உறவுக்காரர் இந்த அவையில் இருந்தால் அவருக்கும் எங்கள் வணக்கம்.

அண்ணி, ஒவ்வொரு நெருப்பையும் அணைத்துத் திரும்பும்போது உங்கள் தெருமுனையில் அவர் ஹாரனை ஒரே ஒரு தரம் அழுத்துவார். 'வந்துட்டோம், ஒண்ணும் ஆகல' என்று அதற்குப் பொருள். பின்னால் உட்கார்ந்து வரும் எங்களுக்கு அது கொண்டாட்டம். "அண்ணிகிட்ட ஆஜர் போட்டாச்சுடா" என்று சிரிப்போம். அவரும் கூடச் சிரிப்பார், ஆனால் ஒருநாளும் அழுத்தாமல் விட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மாற்றலாகி வந்த நிலைய அதிகாரி, நெருப்புக்குப் போகும் வழியில் தவிர வேறெங்கும் ஹாரன் அடிக்கக் கூடாது என்று ஆணையிட்டார். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். அண்ணன் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார், வீட்டில் சொல்ல மறந்துவிட்டார். மறுநாளே மரக்கிடங்கு ஒன்று பற்றிக்கொண்டது. காலையில் போன நாங்கள் பொழுது சாயும் வேளையில்தான் திரும்பினோம். உங்கள் தெருமுனை வந்தபோது அவர் கட்டைவிரல் ஹாரன்மேல் போய் நின்றதைப் பக்கத்தில் இருந்தவன் பார்த்தான். விரல் அழுத்தாமலே திரும்பி வந்தது.

நாங்கள் குழாய்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் ஓடி வந்தீர்கள். காலில் செருப்பில்லை, கையில் கரண்டி. வண்டி நிலையத்துக்குத் திரும்பிப் போனதைப் பார்த்தீர்கள், ஹாரன் கேட்கவில்லை, அப்படியென்றால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது! அதிகாரி வெளியே வந்து "என்னம்மா?" என்றார். நீங்கள் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கரண்டியை நீட்டி எங்களை ஒவ்வொருவராக எண்ணினீர்கள். அண்ணனைக் கூட வரிசையில் வைத்துத்தான் எண்ணினீர்கள். எண்ணி முடித்த பிறகு உங்களுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நிலையத்துப் போனை எடுத்து, எங்கள் வீடு ஒவ்வொன்றுக்கும் பேசினீர்கள்: "உன் வீட்டுக்காரர் நல்லா இருக்கார். நீ சாப்பிடு."

அந்த ஒற்றை ஹாரனைக் கேட்டு ஒவ்வொரு முறையும் நீங்கள் இப்படிப் பேசிச் சொன்ன பிறகுதான் எங்கள் வீடுகளில் சோறு இறங்கியது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. எங்கள் வீட்டுப் பெண்களும் சொன்னதில்லை, நீங்களும் சொன்னதில்லை. அதிகாரி, "அந்தத் தெருமுனையில மட்டும் அடிங்க. மேல யாராவது கேட்டா நான் பேசிக்கறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

ஆதலால், சபையோரே, இன்று இந்நிலையத்திலிருந்து ஓய்வுபெறுவோர் இருவர்! ஒருவருக்குச் சீருடை தந்தோம், சம்பளம் தந்தோம், ஆண்டுக்கு இத்தனை நாள் விடுப்பும் தந்தோம். இன்னொருவர் ஒன்றும் வாங்காமல், மணி அடித்த கணம் முதல் வண்டி திரும்பும் கணம் வரை, அடுப்பில் இருப்பது கருகக் கருக நின்று பணிபுரிந்தார். அந்தப் பணியை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அதிலிருந்து விடுவிக்கும் உரிமை எங்களுக்கு உண்டா என்றும் தெரியாது; இருந்தாலும் இன்று விடுவிக்கிறோம்.

அன்பு அண்ணனும் அருமை அண்ணியும் நோய் அண்டாமல், நிறைவு குன்றாமல், பேரப்பிள்ளைகளின் தலைகளையும் பின்னிப் பின்னிப் பல்லாண்டு வாழ்க! அண்ணி, நாளை முதல் அவர் வீடு திரும்ப நேரமானால், காய்கறிக் கடையில் பேரம் பேசிக்கொண்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயப்படாதீர்கள். வந்ததும் நன்றாகத் திட்டுங்கள்.

நன்றி மறவாத,
தீயணைப்பு நிலையப் பணியாளர்களும்
அவர்தம் வீட்டாரும்